பிள்ளையின் பயத்துக்குப் பெற்றோர் புள்ளி போடுவது எப்படி?

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குத் தரம் ஐந்துப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால், கண்டி வீடுகளில் அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சித்தாலேப. அடுத்து இஞ்சிச் சாறு. அதற்கும் அடங்காவிட்டால் காய்ந்த மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட வேண்டும். நெடி வராவிட்டால் கண்ணூறு, வந்தால் மிளகாய் நல்ல மிளகாய். பிறகு கட்டுக்கலை செல்வ விநாயகருக்கு ஓர் அர்ச்சனை. முஸ்லிம் வீடென்றால் ஓதிய தண்ணீர். பூச்சிக் குளிசை. இரத்தப் பரிசோதனை. ஸ்கேன். எல்லாம் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்த பிறகும் அடுத்த திங்கள் அதே ஐந்தரைக்கு அதே வயிறு வலித்தால், யாராவது ஒரு டொக்டர் சிறுவர் உளநல கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தருவார். அங்கே உங்கள் கைக்கு இரண்டு படிவங்கள் வரும். ஒன்று உங்களுக்கு, மற்றது பிள்ளைக்கு.

அந்த இரண்டையும் குடும்ப மானத்துக்குப் பங்கம் வராமல் நிரப்பிக் கொடுப்பது எப்படி என்பதை இந்த வழிகாட்டி சொல்லித் தருகிறது.

முதல் வேலை, எதிராளியைத் தெரிந்துகொள்வது. உங்களுக்குக் கிடைப்பது ஸ்பென்ஸ் அளவீடாக இருக்கலாம். ஆஸ்திரேலிய உளவியலாளர் சூசன் ஸ்பென்ஸ் 1998இல் வெளியிட்டது. பிள்ளையின் தாளில் 44 கேள்விகள், பெற்றோரின் தாளில் 38. இருட்டு, நாய், சனக்கூட்டம், அம்மாவைப் பிரிந்திருப்பது, வகுப்பில் எழுந்து பேசுவது, காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பது, கதவு பூட்டியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் விசாரிக்கும். ஒருபோதும் இல்லை, சில வேளைகளில், அடிக்கடி, எப்போதும் என்ற நான்கில் ஒன்றுக்கு அடையாளம் போட வேண்டும். பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி. அல்லது ஸ்கேர்ட் என்ற அமெரிக்கப் படிவம் கிடைக்கலாம். பிற்ஸ்பர்க்கில் போரிஸ் பெர்மாஹரும் கூட்டாளிகளும் 1997இல் வெளியிட்டது. இப்போது புழங்குவதில் 41 கேள்விகள். கடந்த மூன்று மாதத்தை நினைத்துப் பதில் சொல்லச் சொல்லும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். 'எனக்கு' என்பது 'என் பிள்ளைக்கு' என்று மாறும், அவ்வளவே. பாடசாலைக்குப் போகப் பயப்படுவதற்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு. அந்தப் பகுதியைக் கண்டதும் "எங்க புள்ளைக்கு ஸ்கூல்னா உசுரு" என்று பலமாகச் சொல்லிவிட்டு நான்கு கேள்விகளுக்கும் பூச்சியம் போடுங்கள். நீங்கள் அன்றைக்குக் கிளினிக்குக்கு வந்த காரணமே அந்த நான்கு கேள்விகளுக்குள் இருக்கிறது என்பதை அங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டாம்.

பேனையை எடுத்ததும் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான காரியம், இரண்டு தாளையும் நீங்களே நிரப்பிவிடுவது. பிள்ளைக்கு என்ன தெரியும்? பத்து மாதம் சுமந்தது யார்? ஸ்பென்ஸ் படிவத்தை எட்டு வயதுப் பிள்ளையே தானாக நிரப்பலாம் என்று அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டிவிடுவதும் நீங்கள்தான், சோறு ஊட்டுவதும் நீங்கள்தான். பயத்தை மட்டும் அது தனியாக எப்படிப் படும்?

தாதி பார்த்துக்கொண்டிருந்தால் இது முடியாது. அப்போது பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து தோளுக்கு மேலால் எட்டிப் பாருங்கள். பிள்ளை 'அடிக்கடி' என்ற கட்டத்தை நோக்கிப் பென்சிலைக் கொண்டுபோகும்போது மெல்லச் செருமினால் போதும். பென்சில் தானாக இடது பக்கம் நகரும். கேள்வியை வாசித்துக் காட்டச் சொன்னாலும் தயங்காமல் உதவுங்கள்: "ராவைக்கு தனியா படுக்க பயமான்னு கேக்குறாங்க. நீ பயப்புட மாட்டியே, மகன்?" ஆண் பிள்ளையென்றால் இந்த உதவி இரட்டிப்பாக வேண்டும். பெண் பிள்ளைகள் சராசரியில் பையன்களைவிடக் கூடுதலாகப் பயத்தைச் சொல்வதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். கண்டிப் பையன்களுக்கோ பயம் என்பதே கிடையாது. இரவு பதினொன்றுக்குக் கக்கூசுக்குப் போக அப்பாவை எழுப்புவது, அப்பா தனியாகப் பயந்து கிடக்கக் கூடாது என்ற பாசத்தில்.

புள்ளி கூட்டும்போது நம் ஆட்களுக்கு ஒரு சிக்கல் வரும். புள்ளி என்றால் கூட வேண்டும் என்பது நமக்குள் ஊறிப்போன சங்கதி. ஸ்பென்ஸ் படிவத்தில் ஆகக் கூடியது 114. பிள்ளை எடுத்திருப்பது 41 என்று வையுங்கள். "நூத்திப்பதினாலுக்கு நாப்பத்தொன்னுதானா?" என்று ஒரு தகப்பனின் முகம் வாடினால் அவரைக் குறை சொல்ல முடியாது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு 200. மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, மொழிமூலத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு, கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்குக் கொண்டுவருவதற்கென்று வந்த பரீட்சை அது. இப்போது நகரத்துப் பிள்ளை அதே நகரத்தில் இன்னும் பெரிய மதில் உள்ள பாடசாலைக்கு மாறுவதற்கும் அதையே எழுதுகிறது. 2024 செப்டம்பரில் அந்தத் தாளின் சில கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு உயர் நீதிமன்றம் கூடும் நாட்டில், பிள்ளைக்கு வயிறு வலிப்பது பூச்சியால்தான் என்று நம்புவதற்கு உண்மையிலேயே நெஞ்சுரம் வேண்டும்.

டியூசனில் பழகிய பிள்ளையும் இந்தப் படிவத்தை வினாத்தாளாகத்தான் பார்க்கும். "இதுக்கு எது சரியான விடை?" என்று கேட்கும். சரி பிழை இல்லை, உனக்கு எப்படி இருக்கிறதோ அதைப் போடு என்று சொன்னால் சந்தேகத்தோடு பார்க்கும்; அப்படி ஒரு கேள்வியை அதன் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. தெரியாவிட்டால் ஒரே வரிசையில் அடையாளம் போட்டுக்கொண்டு போகும்படி சேர் சொல்லியிருந்தால் மேலிருந்து கீழ்வரை 'சில வேளைகளில்' என்று வரும். இன்னும் கெட்டிக்காரப் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்து விடை எழுதும். இதைப் படிவம் செய்பவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ரெனால்ட்ஸும் ரிச்மண்டும் 1978இல் திருத்தி வெளியிட்ட சிறுவர் பதகளிப்பு அளவீட்டில் 37 கேள்விகள். அவற்றில் 9 பயத்தைப் பற்றியவையே அல்ல. எல்லோருடனும் எப்போதும் அன்பாக இருப்பேன், ஒருநாளும் கோபப்பட மாட்டேன் என்ற சாயலில் அமைந்தவை. அத்தனைக்கும் 'ஆம்' போடும் பிள்ளையின் மற்றப் பதில்களை டொக்டர் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் வாசிப்பார். பெற்றோருக்கும் அப்படி 9 கேள்வி வைத்த படிவம் ஒன்று வந்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம் என்பது வேறு விசயம். ஸ்பென்ஸின் தாளில் பொறி இல்லை. அதற்குப் பதிலாக ஆறு நல்ல கேள்விகள் நடுநடுவே கிடக்கும். பயத்தையே கேட்டுக்கொண்டு போனால் பிள்ளைக்குச் சலித்துவிடும் என்று வைத்தவை. அவற்றுக்குப் புள்ளி கிடையாது. நீங்கள் அந்த ஆறை மட்டும் தனியே கூட்டிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடலாம்.

ஸ்பென்ஸும் ஸ்கேர்ட்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் கிளினிக்குக்குப் போகாமலே வேலையை முடிக்கவும் வழியுண்டு. டியூசன் அம்மாமார் குழுவில் பதிவேற்றிவிட்டால் இரவுக்குள் முப்பது பிள்ளைகளின் பயமும் பட்டியலாகிவிடும். ஸ்கேர்ட்டில் மொத்தம் 82. அதில் 25ஐத் தொட்டால், இந்தப் பிள்ளையை ஆறுதலாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்கு அது ஒரு சைகை மட்டுமே. நோய் இருக்கிறதென்று அந்த எண் சொல்லாது. 24 எடுத்த பிள்ளைக்கு ஒன்றும் இல்லையென்றும் சொல்லாது. குழுவில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். 25 எடுத்தது எந்தப் பிள்ளை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே உள்ள ஒரே பாடம்.

இனி முக்கியமான இடம். இரண்டு தாளும் ஒத்துப்போகாது.

நீங்கள் பூச்சியம் போட்ட இடத்தில் பிள்ளை மூன்று போட்டிருக்கும். நீங்கள் மூன்று போட்ட இடத்தில் பிள்ளை 'ஒருபோதும் இல்லை' என்றிருக்கும். உடனே யார் பொய் சொல்கிறார்கள் என்று விசாரணை தொடங்குங்கள். பிள்ளைதான் என்று தீர்ப்பு சொல்லுங்கள். இதில் சின்னத் தடை ஒன்று உண்டு. 1987இல் தோமஸ் ஏகன்பாக்கும் இரண்டு சகாக்களும் அதுவரை வந்திருந்த 119 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகளின் மனநிலை, நடத்தை பற்றித் தாயும் தகப்பனும் சொல்வது ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகிறது? முழு ஒற்றுமைக்கு 1 என்று வைத்தால் ஏறத்தாழ 0.60. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதும் மற்றவர்கள் அதைப் பற்றிச் சொல்வதும்? 0.22. அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளில், எத்தனையோ படிவங்களில் பார்த்தும் அந்த இடைவெளி மூடவில்லை. வெளியே தெரியும் குழப்படியைப் பற்றியாவது ஓரளவு ஒத்துக்கொள்வார்கள். உள்ளே கிடக்கும் பயம், கவலை என்று வரும்போது இன்னும் விலகிப்போவார்கள்.

கண்டியில் வைத்துப் பார்த்தால் இதில் அதிசயம் இல்லை. நீங்கள் பார்க்கும் பிள்ளை, டியூசன் முடிந்து இரவு ஏழுக்கு வீடு வந்து தேத்தண்ணீரில் பிஸ்கட் தோய்த்துத் தின்னும் பிள்ளை. பெயர் கூப்பிடும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிள்ளையை நீங்கள் கண்டதே இல்லை. குட்ஷெட்டில் பஸ் மாறும்போது, தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டோமோ என்று போர்டை நான்கு தடவை பார்க்கும் பிள்ளையையும் கண்டதில்லை. அதேநேரம், இரவு நித்திரையில் பல்லை நறநறவென்று கடிப்பது பிள்ளைக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தான் கடந்த மாசி மாதத்திலிருந்து ஒரு பிறந்தநாள் வீட்டுக்கும் போகவில்லை என்பதைப் பிள்ளை எண்ணி வைத்திருக்காது; நீங்கள் வைத்திருப்பீர்கள். டொக்டர்மார் இரண்டு தாளையும் அருகருகே வைத்து, விலகிய இடத்தில் பேனையால் தட்டுவது இதனால்தான். ஒத்துப்போன இடத்தைவிட அவர்களுக்கு அந்த இடத்தில்தான் வேலை. நீங்கள் அந்த வேலையைக் கெடுக்க விரும்பினால் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துக் கொடுத்துவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் நடுத்தரமாகிவிடுவார்கள்.

'பெற்றோர்' என்று தாளின் மேலே அச்சடித்திருக்கிறதே, அது யார் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கலஹா, தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கு வரும் பிள்ளையோடு அம்மாச்சிதான் வந்திருப்பார். அம்மா குவைத்தில், அப்பா கொழும்பில் கடையில். அம்மாச்சியின் தாளில் பிள்ளைக்கு ஒரு பயமும் இருக்காது, ஏனென்றால் "அது தங்கம், ஒரு தொந்தரவும் இல்ல". தொந்தரவு இல்லாத பிள்ளை பயமில்லாத பிள்ளை என்பது அம்மாச்சியின் கணக்கு. வாயே திறக்காத பிள்ளை தொந்தரவு கொடுக்காதுதான். குவைத்திலிருந்து அம்மா வீடியோவில் வந்து பதில் சொன்னால் தாள் முழுக்க 'எப்போதும்' என்று நிறையும். அங்கே அளக்கப்படுவது பிள்ளையின் பயமா, இரண்டு வருடமாகப் பிள்ளையைத் தொடாத தாயின் பயமா? தாயின் பதற்றம் பிள்ளைக்குப் போடும் புள்ளியில் கலந்துவிடும் என்பதை ஆய்வுக்காரர்களும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைத் தாய்க்கு எதிரான சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தாளையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் பதகளிப்பு எத்தனை பேருக்கு என்று அதில் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுவது நம் பகுதியின் தனிச் சிறப்பு. டொக்டருக்குச் சிங்களம், அம்மாவுக்குத் தமிழ், பிள்ளைக்கு இரண்டும். டொக்டர் சிங்களத்தில் கேட்பார், பிள்ளை அம்மாவிடம் தமிழில் கேட்கும், அம்மா நீளமாக அழுதுகொண்டே சொல்வதைப் பிள்ளை இரண்டு சொல்லில் சிங்களத்தில் திருப்பித் தரும். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். தமிழ் தெரிந்த தாதி லீவில் இருக்கும் நாளில் எந்த ஆஸ்பத்திரியும் அதுதான். இப்படி எடுத்தால் பெற்றோர் தாளும் பிள்ளைத் தாளும் அச்சொட்டாக ஒத்துப்போகும். ஏகன்பாக் கண்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். ஒத்துப்போவதன் காரணம், இரண்டு தாளிலும் பேசுவது ஒரே வாய்.

எந்தப் பயத்தை நோய்க் கணக்கில் எழுதுவது, எதைப் புத்திக் கணக்கில் எழுதுவது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டியிடம் நகைச்சுவை கைவசம் இல்லை. படிவங்கள் பூச்சி, சனக்கூட்டம், உயரம், மூடிய இடம் என்று கேட்கின்றன. தாய் கொழுந்து பறிக்கும் மலையில் குளவிக் கூடு இருக்கிறது. போன மாதம் பக்கத்து லயத்து அக்காவைக் கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அந்தப் பிள்ளை பூச்சிக்கு 'எப்போதும்' என்று போட்டால் அதற்கு எத்தனை புள்ளி? திகனையில் 2018 மார்ச் மாதக் கலவரத்தில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததைப் பார்த்த பிள்ளைகள் இன்று உயர்தரம் படிக்கும் வயதில் இருக்கிறார்கள். கூட்டத்தின் இரைச்சல் கேட்டதும் அவர்களில் ஒருவர் கதவைப் பூட்டினால், திரும்பப் போய்ப் பூட்டைச் சரிபார்த்தால்? மழையைப் பற்றி ஸ்பென்ஸ் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மழை வேறு மாதிரி. இங்கே 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2016இல் அரநாயக்க மண்சரிவைப் பார்த்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு கண்டி மாவட்டத்து மலைகளே சரிந்தபோது பார்ப்பதற்குத் தொலைக்காட்சி தேவைப்படவில்லை. இரவில் மழை வலுத்தால் எழுந்து உட்கார்ந்து, பின்சுவரின் வெடிப்பை டோர்ச் அடித்துப் பார்க்கும் பிள்ளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். படிவத்தின்படி அது சரிபார்க்கும் பழக்கம், எதற்கெடுத்தாலும் கவலை. இரண்டு பகுதியிலும் புள்ளி ஏறும். கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை அதே இரவில் அந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு வந்திருந்தால், அந்த வீட்டில் புத்தியாக நடந்தவர் அந்தப் பிள்ளை ஒருவர்தான்.

இதற்காகப் படிவத்தைத் தூக்கி எறியத் தேவையில்லை. அந்தப் பிள்ளை மூன்று நாள் வெயில் அடித்த பிறகும் டோர்ச்சைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறதா, பாடசாலைக்குப் போகிறதா, சாப்பிடுகிறதா, விளையாடுகிறதா என்பதைக் கேட்க ஆள் வேண்டும். புள்ளி அந்தக் கேள்வியைக் கேட்காது. 38 கேள்விக்கு அடையாளம் போட்டு முடித்ததும் டொக்டர் தாளை மூடிவைத்துவிட்டு, "சரி, இப்ப சொல்லுங்க" என்று தொடங்குவது அதனால்தான். அப்போது நீங்கள், எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன கதை என்று மணிக்கூட்டைப் பார்க்கலாம்.

உதவிக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை, இரண்டு தொலைபேசி எண்கள் போதும்: தேசிய மனநல நிறுவனத்தின் 1926, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. இரண்டையும் பிள்ளையின் கண்ணில் படாமல் எழுதி அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். 1929க்குப் பிள்ளையே எடுத்துவிட்டால் படிவம் நிரப்ப உங்களிடம் என்ன மிஞ்சும்?

கடைசியாக ஒரு கட்டம் வரும். டொக்டர், "அம்மா கொஞ்சம் வெளிய இருங்க" என்பார். பிள்ளையைத் தனியாக வைத்துப் பேசப்போகிறார். எதிர்ப்பு தெரிவியுங்கள். பலிக்காவிட்டால் கதவுக்குப் பக்கத்து வாங்கில் உட்காருங்கள். தூரத்து வாங்கில் காற்று வரும், ஆனால் ஒன்றும் கேட்காது. உள்ளே சிரிப்புச் சத்தம் வந்தால் கவலைப்படுங்கள். நீங்கள் சொல்லாத ஏதோ ஒன்றைப் பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கிறது. அழுகைச் சத்தம் வந்தால் கதவைத் தட்டித் தண்ணீர்ப் போத்தலை நீட்டலாம்; அதற்குள் எட்டிப் பார்க்க இரண்டு வினாடி கிடைக்கும்.

பிள்ளை வெளியே வந்ததும் காலம் தாழ்த்தாதீர்கள். பேராதனையில் பஸ் ஏறியதிலிருந்து கெட்டம்பே வருவதற்குள் எல்லாவற்றையும் கறந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு சனம் ஏறிவிடும். "என்ன கேட்டாங்க? என்னையப் பத்தி என்ன சொன்ன?" என்று கேளுங்கள். பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு "ஒன்னுமில்லம்மா" என்று சொல்லும். அடுத்த கிளினிக் நாளைக்குத் தரும் பெற்றோர் படிவத்தில் இதை எங்கே எழுதுவது என்று தேடிப் பாருங்கள். அதற்கு ஒரு கட்டம் இருக்காது. தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும், அங்கே எழுதிக் கொடுங்கள். டொக்டர் முதலில் வாசிப்பது அதைத்தான்.